தலை குத்தும் மோட்டார்

முன் பிரேக்கைப் பிடித்தால் தலை குத்தும். அதுதான் என் மோட்டார் சைக்கிளுக்கு இருந்த வியாதி. ஜப்பான்காரன் செய்த இரட்டைச் சிலிண்டர் வண்டி, எண்பதுகளின் தொடக்கத்தில் பழைய வண்டியாகத்தான் என் கைக்கு வந்தது. ஓட்டம் என்றால் அப்படி ஓர் ஓட்டம். ஆனால் முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நிற்கும் கால்கள் இருக்கின்றனவே, ஃபோர்க் என்போம், அதற்குள்ளே இருந்த ஸ்பிரிங் துவண்டுவிட்டது. பிரேக்கைத் தொட்டதும் முன்பக்கம் சரசரவென்று இறங்கி அடியில் போய் இடிக்கும். பின்சக்கரம் லேசாகித் தூக்கும்.

எனக்கு அது பழகிப்போயிருந்தது. கைப்பிரேக்கை இரண்டு விரலால் தடவிப் பிடித்து, மீதியைக் கால்பிரேக்கில் சமாளிப்பேன். சரி செய்ய வேண்டும் என்று நினைப்பேன், அடுத்த வேலை வந்துவிடும், ஓடிவிடுவேன்.

அப்போது எனக்கு பிரிக்பீல்ட்சில் டைப்ரைட்டர் பழுது பார்க்கும் கடையில் வேலை. கடை என்றுதான் பெயர், நான் கடையில் இருந்ததே இல்லை. காலையில் பங்சாரில் ஒரு வக்கீல் ஆபீஸ், மதியம் அம்பாங்கில் ஒரு பள்ளிக்கூடம், நடுவில் எங்கேயாவது எழுத்துக் கம்பிகள் பின்னிக்கொண்டன என்று போன் வரும், அங்கே ஓட வேண்டும். நாற்காலியில் உட்கார வைத்துச் சம்பளம் கொடுத்திருந்தால் ஒரே வாரத்தில் ஓடிப்போயிருப்பேன். வீட்டிலும் அப்படித்தான். சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும்போதே ஏதோ ஞாபகம் வந்து எழுந்துவிடுவேன். "கால்ல வெந்நி ஊத்திக்கிட்டு எங்கங்க ஓடறீங்க? சாப்பிட்டுட்டுத்தான் போங்களேன்" என்று மனைவி பின்னாலேயே கத்துவாள்.

வீடு என்று சொல்கிறேனே தவிர, கிள்ளானில் ஒரு பலகை வீட்டின் பின்பாதி. முன்பாதியில் வீட்டுக்காரக் குடும்பம். நடுவில் இருந்தது ஒரே ஒரு பலகைத் தடுப்பு. நாங்கள் இருமினால் அந்தப் பக்கம் வீட்டுக்கார அக்கா, "இஞ்சித் தண்ணி குடிக்கலியா?" என்பார். நல்ல மனுஷிதான், குறை சொல்லக் கூடாது. ஆனால் புதிதாகக் கல்யாணம் ஆன இரண்டு பேர் அந்த வீட்டில் என்ன பேசிக்கொள்ள முடியும்? உப்பு போதுமா, துணி காய்ந்ததா, அவ்வளவுதான்.

அதனால் நாங்கள் பேசிக்கொண்டது எல்லாம் மோட்டாரில்தான். அவளுக்குச் சுங்கைவேயில் எலக்ட்ரானிக் பேக்டரியில் வேலை. காலையில் அவளை ஏற்றிக்கொண்டு பெடரல் ஹைவேயில் போய், பேக்டரி வாசலில் இறக்கிவிட்டு, நான் பிரிக்பீல்ட்ஸ் போவேன். கிள்ளான் பாலம் தாண்டியதும் ஆரம்பிப்பாள். காற்றில் காது அடைக்கும், அதனால் என் கழுத்தோடு வாயை வைத்துக் கத்துவாள். சூப்பர்வைசர் யாரை முறைத்தான், அவள் அண்ணன் என்ன சொன்னார், குழந்தை எப்போது பெற்றுக்கொள்வது, வீடு எப்போது மாறுவது, எல்லாம் கத்தல்தான். நானும் தலையைத் திருப்பிக் கத்துவேன். சண்டைகூட அங்கேதான் போட்டோம். பேக்டரி வாசலில் இறங்கும்போது இருவருக்கும் தொண்டை கட்டியிருக்கும்.

ஒரு நாள் காலை, பத்து தீகா என்ற ஊர்ப் பக்கம், எங்களுக்கு முன்னால், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு போன லோரி எதற்கோ திடீரென்று நின்றது. தடவிப் பிடிக்க எங்கே நேரம்? முழுக் கையாலும் அமுக்கினேன். முன்பக்கம் அடிவரை இறங்கி இடித்தது, பின்பக்கம் எழும்பியது, வண்டி பக்கவாட்டில் சரிந்தது. நான் வண்டியோடு தேய்த்துக்கொண்டு போனேன். அவள் என் தோளுக்கு மேலாகப் போய்த் தார்ரோட்டில் விழுந்தாள். லோரிக்காரர் இறங்கி ஓடி வந்து, "ஐயையோ, தங்கச்சி! தங்கச்சி!" என்று கத்திக்கொண்டே நின்றார். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அவளுக்கு இடது பக்கம் காறை எலும்பு முறிந்துவிட்டது.

எலும்பு கூடியது, ஆனால் மேடு தட்டிக் கூடியது. இடது கையைத் தலைக்கு மேல் தூக்க வராது. ரப்பர் வளையத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் தன் தலைமுடியோடு அவள் மல்லுக்கட்டுவாள். உதவிக்குப் போனால், "நீங்க தொட்டா டைப்ரைட்டர் ரிப்பன் மாதிரி சுத்தி வச்சிடுவீங்க, போங்க" என்று சிரிப்பாள். ஒரு வார்த்தை திட்டியதில்லை, குத்திக்காட்டியதில்லை. ஆனால் மோட்டாரில் மட்டும் ஏறவில்லை.

பேக்டரி பஸ்ஸில் போக ஆரம்பித்தாள். அந்த பஸ் விடியுமுன்னே வந்து நிற்கும். ஒவ்வொரு கம்பமாக, ஊர் ஊராக, வளைந்து வளைந்து ஆள் ஏற்றிக்கொண்டு போய்ச் சேரும். நான் எழுந்திருக்கும்போது அவள் படுத்த இடம் ஆறியிருக்கும். சாயங்காலம் வந்து விழுந்து படுப்பாள். பலகைக்கு அந்தப் பக்கம் ரேடியோ பாடும். என்ன பேசுவது?

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேன். "எதுக்கு இந்தப் பாடு? மெதுவாத்தான் ஓட்டறேன். ஏறு லா."

அவள் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, "முதல்ல அது தலை குத்தறது நிக்கட்டும். அப்புறம் பார்க்கலாம்" என்றாள்.

அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு வருஷத்துக்கும் மேல் அலைந்தேன். அவள் ஏற வேண்டும், அது போதும் எனக்கு. அவளுடைய அண்ணன் வேறு வரும்போதெல்லாம், "மாப்ள, அந்தச் சனியனைத் தலைமுழுகிட்டு என் பழைய காடிய எடுத்துக்குங்க, நாலு சக்கரம் விழாது" என்பார். நல்லதுக்குத்தான் சொன்னார். எனக்குத்தான் ரோஷம் பொத்துக்கொண்டு வரும். என் கையால் கெட்டது என் கையாலேயே சரியாக வேண்டும் என்று ஒரு வெறி.

முதலில் ஃபோர்க்குக்குள் கெட்டியான எண்ணெய் ஊற்றினேன். காலையில் கல் மாதிரி நின்றது. மதிய வெயிலில் பழையபடி தண்ணீராகித் தலை குத்தியது. பிறகு ஸ்பிரிங்கின் தலையில் தண்ணீர்க்குழாய்த் துண்டை வெட்டி வைத்து இறுக்கினேன். இப்போது இறங்கவில்லை, ஆனால் ஒவ்வொரு குழிக்கும் கைமூட்டு கழன்றுவிடும் போல் உதைத்தது. கழற்றினேன், குழாயைக் குறைத்தேன், மாட்டினேன், மறுபடி கழற்றினேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் வீட்டுப் பின்னால் எண்ணெயும் நானும்தான். "இவருக்கு என்ன, மோட்டாரோட கல்யாணமா?" என்று வீட்டுக்கார அக்கா என் மனைவியிடம் கேட்டது பலகை வழியே எனக்கும் கேட்டது.

கடைசியில் கிள்ளானில் எனக்குத் தெரிந்த மோட்டார்க் கடை தவுக்கேயிடம், அதாவது கடை முதலாளியிடம், போனேன். சீனர், தோட்டத்துப் பக்கம் வளர்ந்தவர், நம்மைவிடச் சரளமாகத் தமிழில் திட்டுவார். வண்டியின் மேல் உட்கார்ந்து இரண்டு தடவை அமுக்கிப் பார்த்தார்.

"கிழவன் காலுக்கு எண்ணெய் தேய்ச்சு என்ன பண்ணப் போற? காலையே மாத்து லா. பெரிய வண்டி ஃபோர்க் போடு."

பெரிய வண்டியின் ஃபோர்க் பழைய சாமான் கடையில் கிடைத்தது. ஜப்பானில் கழித்த வண்டிகளைப் பாதிப் பாதியாக வெட்டிக் கப்பலில் கொண்டுவந்து குவித்திருப்பார்கள். அந்தக் குவியலில் ஏறி இறங்கி, சட்டையெல்லாம் கிரீஸ் ஆகி, வளையாத ஒரு ஜோடியைக் கண்டுபிடித்தேன். தடித்த குழாய்கள், குரோம் பளபளவென்று முகம் தெரிந்தது. ஆனால் ஃபோர்க்கைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்பு, வண்டியின் கழுத்து மாதிரி, என் வண்டியில் குறுகல், இந்தக் குழாய் தடிமன். அதைக் கடைந்து அகலப்படுத்த ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு லேத் பட்டறை. அந்த ஆளுக்கு வாயைத் திறந்தால் "நாளைக்கு வா" தவிர வேறு வராது. நாளைக்குப் போனால் நாளைக்கு. வேலை நேரத்தில் அம்பாங் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஸ்ரீ கெம்பாங்கானில் போய் அவன் தலைமாட்டில் நிற்பேன். நிற்கக்கூட முடியாது, அங்கும் இங்கும் நடப்பேன். "பாஸ், நீ நடந்தா என் மெஷின் ஆடுது" என்றான் ஒரு நாள்.

ஒரு வழியாக எல்லாம் வந்து சேர்ந்தது. தவுக்கே மாட்டிக் கொடுத்தார். கிள்ளான் பாலத்து இறக்கத்தில் ஆளில்லாத இடமாகப் பார்த்து முழுக் கையாலும் பிரேக்கை அமுக்கினேன். முன்பக்கம் கொஞ்சம் இறங்கியது. நின்றது. வண்டியும் நின்றது. நான் தனியாக உட்கார்ந்துகொண்டு, "அடி சக்கை!" என்று கத்தினேன். சைக்கிளில் போன ஒருவர் பயந்து ஒதுங்கிப் போனார்.

வீட்டுக்கு ஓடினேன். "நின்னுடுச்சு. தலை குத்தலை. திங்கட்கிழமை ஏறு."

அவள் என்னைப் பார்த்தாள், வாசலில் நின்ற மோட்டாரைப் பார்த்தாள். முகம் வெளுத்ததா, வெயிலா, எனக்குத் தெரியவில்லை. "ஒரு வாரம் நீங்க தனியா ஓட்டிப் பாருங்க. அப்புறம் ஏறறேன்" என்றாள்.

ஒரு வாரம்தானே என்று இருந்தேன். அந்த வாரம் முடிவதற்குள் ஃபோர்க்கின் வலது காலில் எண்ணெய் கசிந்தது.

ஃபோர்க் குழாய் மேலும் கீழும் போகும் இடத்தில் ஒரு ரப்பர் வளையம் உண்டு, ஆயில் சீல் என்பது. உள்ளே இருக்கும் எண்ணெய் வெளியே வராமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. அது விட்டுப்போய், எண்ணெய் வழிந்து, பிரேக் தட்டின் மேலேயே சொட்டியிருந்தது. எண்ணெய் பட்ட தட்டில் பிரேக் எங்கே பிடிக்கும்? முன்பு தலையாவது குத்தியது, இப்போது நிற்கவே நிற்காது. பங்சார் இறக்கத்தில் ஒரு பஸ்ஸின் பின்பக்கம் என் மூக்குக்கு நேரே வந்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

புதுச் சீல் போட்டேன். அடுத்த வாரமே மறுபடி கசிவு. இந்தத் தடவை இரண்டு காலிலும். மறுபடி மாற்றினேன். மறுபடி கசிவு. ஒவ்வொரு தடவையும் அவள் கேட்பாள்.

"என்னாச்சு?"

"கசியுது."

"சரி, சரியாகட்டும். பார்த்துக்கலாம்."

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு நிம்மதி ஓடும். சத்தியமாக ஓடும், நான் பார்த்தேன். எனக்கு எரிச்சல் தலைக்கேறும். இவளுக்கு ஏற இஷ்டமில்லை, என்மேல் நம்பிக்கை விட்டுப்போய்விட்டது, வாய்விட்டுச் சொல்லாமல் வாரா வாரம் தள்ளிப்போடுகிறாள் என்று மனம் கறுவும். தூக்கம் போயிற்று. டைப்ரைட்டரைப் பிரித்து வைத்துக்கொண்டு ஃபோர்க்கைப் பற்றி யோசிப்பேன். ஒரு வக்கீல் ஆபீசில் எழுத்துகளை மாற்றி மாட்டிவிட்டு வந்து முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

யாரைத்தான் நான் விட்டுவைத்தேன்? தவுக்கே போலிச் சீல் போடுகிறார் என்று சண்டைக்குப் போனேன். அவர் என் கண்ணெதிரே புதுப் பெட்டியைக் கிழித்துச் சீலை எடுத்து, "சாப்பிட்டுப் பாக்கறியா?" என்று கேட்டார். லேத் பட்டறைக்காரன் கோணலாகக் கடைந்துவிட்டான் என்று போய்க் கத்தினேன். துறைமுகத்து உப்புக் காற்று, ஹைவேயில் ரோட்டு வேலைத் தூசி என்று தினம் ஒரு காரணம். கோப்பிக் கடையில் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். ஒருவர், "கண்ணு பட்டிருக்கு அண்ணே, வேற ஒண்ணுமில்ல" என்றார். வீட்டுக்கு வந்து அதையும் கிண்டலாக மனைவியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

அவள் லோரிக்கார வீட்டுப் பெண். அப்பா தோட்டத்தில் குலை லோரி ஓட்டியவர். அந்த வீட்டில் வெள்ளிக்கிழமை என்றால் மனிதர்களுக்கு முன்னால் லோரிக்குத்தான் சந்தனம் குங்குமம். இங்கே லோரி இல்லை, அதனால் என் மோட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் குளித்து விளக்கேற்றிவிட்டு மோட்டாருக்கும் பூசுவாள். நான் அந்த நேரம் கோப்பிக் கடையில் இருப்பேன். சனிக்கிழமை இருட்டோடு வண்டியை எடுக்கும்போது முன்விளக்கில் பட்டையும் பொட்டும் இருக்கும். எல்லார் வண்டியிலும் இருப்பதுதானே, நான் ஏன் அதைப் பார்க்கப் போகிறேன்? ஏறி உட்கார்ந்து, பிரேக்கைப் பிடித்து முன்பக்கத்தை நாலு அமுக்கு அமுக்கிச் சோதித்துவிட்டுக் கிளம்புவேன். ஃபோர்க்கை அமுக்கிப் பார்க்காமல் எனக்குக் காலை விடியாது.

அப்படி ஒரு சனிக்கிழமை. அரை நாள் வேலை முடித்து தவுக்கே கடைக்கு மறுபடி போனேன். அவருக்கும் மானப் பிரச்சினை ஆகிவிட்டது. சீலைக் கழற்றித் தூக்கிப் போடாமல் இந்தத் தடவை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். உள் விளிம்பில் விரலை ஓட்டினார். சாம்பல் நிறத்தில் ஒரு பசை வந்தது.

"நீ எங்க ஓட்டற? சிமெந்து பேக்டரிக்கு உள்ளயா?"

விரலால் நெருடிப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். எண்ணெய் நாற்றத்தோடு வேறு ஒரு வாசனை இருந்திருக்க வேண்டும். என் மூக்குக்கு நேரே நீட்டினார். சந்தனம்.

"பொண்டாட்டி சாமி கும்பிடுவாங்களா?"

எனக்கு முதலில் மூளை ஓடவில்லை. பிறகு குனிந்து ஃபோர்க் குழாயைப் பார்த்தேன். கிளாம்புக்குக் கீழே, சீல் எட்டாத உயரத்தில், குரோமின் பின்பக்கம் வெள்ளையாக ஒரு கோடு மீதம் இருந்தது. சந்தனம் குழைத்த திருநீறு. முன்விளக்கில் மட்டுமல்ல, இரண்டு காலிலும் மேலிருந்து கீழாகப் பட்டை போட்டிருக்கிறாள். சனிக்கிழமை இருட்டில் நான் நாலு அமுக்கு அமுக்கும்போது அத்தனையும் சீலுக்குள் போயிருக்கிறது. அதன்பிறகு ஒவ்வொரு குழிக்கும் அரைத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

"சாம்பல் பல்லு விளக்கத்தான் நல்லது லா" என்று சொல்லித் தவுக்கே சிரித்தார் பாருங்கள், கடை அதிர்ந்தது. அவர் கடைச் சுவரில் அவருடைய சாமிக்கு முன்னால் ஊதுபத்திச் சாம்பல் மலையாகக் கிடந்தது. குழாயைத் துடைத்து, புதுச் சீல் போட்டு, மடிப்பு மடிப்பான ரப்பர் உறை ஒன்றை இரண்டு காலுக்கும் மாட்டிவிட்டார். பார்க்க அசிங்கமாக, கிழவன் காலுறை மாட்டினதுபோல் இருந்தது. "இனிமே ரப்பர் மேல எவ்வளவு வேணும்னாலும் பூசச் சொல்லு" என்றார்.

அவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு வருஷ அலைச்சல் மண்டைக்குள் கொதித்தது. பழைய சீலைத் துணியில் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் பறந்தேன்.

அவள் பின்வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் துணியை விரித்தேன்.

"யாரு உன்னை ஃபோர்க்குல பூசச் சொன்னது?"

"என்னங்க?"

"திருநீறு! விளக்குல பூசு, டேங்க்ல பூசு, யாரு வேணாம்னா? ஃபோர்க்குலயா பூசுவாங்க? வாரா வாரம் சீல் போறது உன்னாலதான். நான் பைத்தியக்காரன் மாதிரி ஊரெல்லாம் சண்டை போட்டுக்கிட்டு வரேன்!"

பலகைக்கு அந்தப் பக்கம் ரேடியோ சத்தம் குறைந்தது.

"குரலைக் குறைங்க" என்றாள்.

"குறைக்க மாட்டேன்! அங்க எதுக்குப் பூசினே, சொல்லு."

"அதுலதான் கோளாறு, அதுலதான் கோளாறுன்னு தினம் நீங்கதானே சொல்றீங்க. கோளாறு உள்ள இடத்துலதானே பூசணும்?" அவள் கையில் பாதி கிள்ளிய நெத்திலி இருந்தது. "நீங்க தினம் அதுலதான் போறீங்க. வீட்டுல இருந்துகிட்டு நான் வேற என்ன செய்ய முடியும்?"

நான் விடவில்லை. "சரி, போகட்டும். இனி கசியாது. திங்கட்கிழமை ஏறறே."

"மாட்டேன்."

"தலை குத்தலைன்னா ஏறறேன்னு சொன்னே இல்ல?"

"கசிஞ்சாலும் சரி, கசியாட்டியும் சரி. நான் ஏற மாட்டேங்க."

நான் மறுபடி கத்த வாயைத் திறந்தேன். அவள் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "வெளியே வாங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள். வீட்டைச் சுற்றி முன்பக்கம் வந்து, மோட்டார் நின்ற லோரோங்கில், அந்தச் சந்தில், வண்டிக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டாள். சந்தின் கோடியில் பிள்ளைகள் பந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் என்னைப் பார்க்காமல் சீட்டைப் பார்த்துப் பேசினாள்.

"அன்னைக்கு லோரி நின்னதை நான்தான் முதல்ல பார்த்தேன். பயந்துட்டேன். உங்க சட்டையைக் கொத்தாப் பிடிச்சு இழுத்தேன். நான் இழுத்ததுலதான் நீங்க பதறிப்போய் அப்படி அமுக்கினீங்க. இல்லைன்னா எப்பவும் போல மெதுவாப் பிடிச்சிருப்பீங்க. கீழே விழுந்து கிடக்கறப்போ பார்த்தேன், உங்க தலை லோரி டயர் கிட்டக் கிடந்துச்சு. இவ்வளவு கிட்ட." வலது கையால் காட்டினாள். "நான் பின்னாடி உட்கார்ந்தா உங்களைக் கொன்னுடுவேங்க."

ஒரு வருஷமாக இதை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். கசிகிறது என்று நான் சொன்னபோதெல்லாம் அவள் முகத்தில் ஓடிய நிம்மதி எனக்கு அப்போதுதான் புரிந்தது. அழுகை வந்தது. அழத் தெரியாமல் கோபம் வந்தது.

"இதை ஏன் சொல்லலை?"

"எங்க வச்சுச் சொல்றது? உள்ளே பேசினா அந்த அக்காவுக்குக் கேக்கும். மோட்டார்ல சொல்லலாம்னா, மோட்டார்ல ஏற முடியலையே."

"நீ இழுத்ததே எனக்குத் தெரியாதுடி. சாமி சத்தியமா. லோரியைப் பார்த்தேன், அமுக்கினேன், அவ்வளவுதான்."

"சும்மா எனக்காகச் சொல்றீங்க."

அவள் நம்பவில்லை. நான் எத்தனை சத்தியம் செய்தாலும் நம்பப்போவதில்லை என்று முகமே சொன்னது. எனக்கு வாயால் ஒன்றை விளக்கத் தெரியாது. சாவியைப் போட்டு வண்டியை உதைத்தேன்.

"ஏறு."

"வேணாங்க."

"ஏறுன்னா ஏறு. நடக்கற வேகத்துலதான் போவேன். விழுந்தா மண்ணுதான். இதே சந்துக்குள்ளதான், ஹைவே இல்லை. ஏறி, அன்னைக்கு இழுத்தியே, அதே மாதிரி இழு."

"உங்களுக்குப் பைத்தியமா?"

"ஆமா. ஏறு."

வீட்டுக்கார அக்கா முன்வாசலுக்கே வந்துவிட்டார். மனைவி அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு வலது கையை என் தோளில் ஊன்றி ஏறினாள். அவள் கனம் சீட்டில் இறங்கியதும் பின்பக்கம் தாழ்ந்தது. கியரைப் போட்டேன்.

சந்தின் பாதிவரை போனதும், "இப்ப இழு" என்றேன். இரண்டு விரலால் சட்டையைத் தொட்டாள். நான் முழுக் கையாலும் பிரேக்கை அமுக்கினேன். வண்டி நின்றது. ஒன்றுமில்லை.

"இதுவா இழுத்தே? கறிவேப்பிலை கிள்றியா?"

வேகத்தைக் கொஞ்சம் கூட்டினேன். இந்தத் தடவை ஒரு கையால் பிடித்து இழுத்தாள். நின்றோம். பந்து அடித்த பிள்ளைகள் ஆட்டத்தை விட்டுவிட்டு ஓரத்தில் ஏறி நின்றார்கள். "கோயிலுக்கு வேண்டுதலா, என்னம்மா இது?" என்று அக்கா கேட்டார். வண்டியைத் திருப்பினேன்.

மூன்றாவது தடவை கியரை மாற்றிச் சந்து முழுக்க விட்டேன். "பலமா!" என்று கத்தினேன். தூக்க முடியாத இடது கையையும் சேர்த்து, இரண்டு கையாலும் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்து, உயிர் போகிற மாதிரி இழுத்தாள். காலர் கழுத்தை நெரித்தது, மேல் பித்தான் தெறித்துப் போனது. நான் பிரேக்கை முழுசாக அமுக்கினேன். முன்பக்கம் இறங்கியது. தாங்கியது. நின்றோம். இரண்டு கால்களையும் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றேன். அவள் நெற்றி என் முதுகில் வந்து இடித்தது, அப்படியே இருந்தது. சட்டையை விடவில்லை.

கழுத்தோரமாகக் குரல் வந்தது.

"அப்போ என்னால இல்லையா?"

"உன்னால இல்லை! எத்தனை தடவைடி சொல்றது?"

"ஒரு தடவைகூட சொன்னதில்லையேங்க" என்றாள்.

ஊரில் ஒவ்வொருவரிடமும் ஃபோர்க்கைப் பற்றி நான் சொன்னதுதான் எத்தனை. தவுக்கேயிடம், லேத்காரனிடம், கோப்பிக் கடையில், அவள் அண்ணனிடம். அவளிடம் இந்த இரண்டு வார்த்தையைச் சொல்லியிருக்கவில்லை. தலையைத் திருப்பி, இன்ஜின் சத்தத்துக்கு மேலே, சந்து முழுக்கக் கேட்கும்படி மறுபடி கத்தினேன். உன்னால இல்லை.

அவள் பிடியைத் தளர்த்தி, பிறகு இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"இன்னொரு தடவை போங்க" என்றாள்.